எல்லாருக்கும் ஒரே சாப்பாடு

அச்சகத்தின் பின்னறையில் ஆள் நீளத்துக்கு இரண்டு மடங்கான ஒரு மேஜை கிடந்தது. அச்சாகி மடித்த பதினாறு பக்கத் தாள்களான பாரங்களை அதன் விளிம்பைச் சுற்றி வரிசை தப்பாமல் அடுக்கி வைத்திருப்பார்கள். பெண்கள் ஒருவர் பின் ஒருவராக மேஜையைச் சுற்றி நடந்தபடியே ஒவ்வொரு அடுக்கிலிருந்தும் ஒரு பாரத்தை உருவி இடது கையில் சேர்த்துக்கொண்டு போவார்கள். ஒரு சுற்று முடிந்தால் கையில் ஒரு புத்தகம் இருக்கும். தையலும் அட்டையும்தான் பாக்கி. பிறகு மறுபடி முதல் அடுக்கு. நடையில் ஒருத்தி நின்றால் பின்னால் வருகிறவள் அவள் முதுகில் முட்டிக்கொள்வாள். ஒருத்தி பாதியில் விலகிப்போனால் அவள் கையிலிருந்த பாதிப் புத்தகம் குழப்பத்தில் எதிலோ போய்ச் சேர்ந்துகொள்ளும். எங்கோ ஒரு ஊரில் ஒருவர் முப்பத்திரண்டாம் பக்கத்தைப் புரட்டிவிட்டு நாற்பத்தொன்பதாம் பக்கத்தைப் பார்த்து முழிப்பார்.

அவள் பாதியில் விலகிப்போகிறவள். அதுவும் சொல்லிக்கொள்ளாமல். வயிற்றில் முறுக்கு எடுத்தால் கழிவறைக்குப் போய்ச் சேரும்வரை தாங்குமா என்பதே பெரிய பாடு; சொல்லிக்கொள்ள ஏது நேரம்? ஆரம்பத்தில் இதனால் சில புத்தகங்கள் கெட்டு முதலாளியிடம் எல்லோரும் வாங்கிக் கட்டிக்கொண்டார்கள். அதன்பிறகு பெண்களே ஒரு ஏற்பாடு செய்துகொண்டார்கள். அவள் கையிலிருந்ததைப் பின்னால் வருகிறவளிடம் கொடுத்துவிட்டு ஓடுவாள். வாங்கியவள் அதைத் தன்னுடையதன்மேல் குறுக்காகப் போட்டுக்கொண்டு, அடுத்த அடுக்குகளிலிருந்து இரண்டிரண்டாக உருவிக்கொண்டு போவாள். நடை நிற்காது.

"எக்ஸ்பிரஸ் கிளம்பிடுச்சு, வழி விடுங்கடி" என்று தையல் எந்திரத்துக்குப் பின்னாலிருந்து தையல் அக்கா குரல் கொடுப்பாள். அந்தப் பெயர் அவளுக்குப் பிடித்திருந்தது. வீட்டில், ஆஸ்பத்திரியில், உறவுக்காரர்களிடத்தில் எல்லாம் அவளுடைய நோயைப் பற்றிக் குரலைத் தணித்துக்கொண்டு பேசினார்கள். இங்கேதான் அதற்குச் சத்தமாக ஒரு பெயர் வைத்திருந்தார்கள்.

அன்றைக்கு அவள் எங்கும் ஓடவில்லை. ஐந்தாம் அடுக்குக்கு எதிரே கையில் பாரத்தை வைத்துக்கொண்டு அப்படியே நின்றுவிட்டாள். பின்னால் வந்தவள் முட்டிக்கொண்டு, "என்னடி, சிக்னல் விழுந்துடுச்சா?" என்றாள். எல்லோரும் சிரித்தார்கள். அவளும் சிரித்துவிட்டு நடந்தாள். ஆனால் தையல் அக்கா சிரிக்கவில்லை. மத்தியானம் சாப்பாட்டுக்கு உட்கார்ந்தபோது தன் டப்பாவை நகர்த்திக்கொண்டு அவள் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள்.

"என்ன, மூஞ்சி இப்படித் தொங்கிப்போயிருக்கு? வீட்டுக்காரரோட சண்டையா?"

"அவரோட எங்கக்கா சண்டை போடறது? வாயைத் திறந்தாத்தானே."

"அதானே. உனக்காகக் காரத்தையே விட்ட மகராசன். எங்க வீட்லயும் ஒண்ணு இருக்கே. எனக்குக் காய்ச்சல்னு படுத்தா, 'அப்ப சோறு யாரு ஆக்கறது'ன்னு கேக்கும். உன் ஆளைக் கண்ணாடிப் பெட்டியில வெச்சுப் பூட்டணும்டி."

வழக்கமாக இந்தப் பேச்சு அவளுக்கு இனிக்கும். அன்று காதிலேயே விழவில்லை. குழைய வேகவைத்த சோற்றையும் அவித்த உருளைக்கிழங்கையும் கரண்டியால் மசித்துக்கொண்டே, "பட்டாணி சாப்பிட மாட்டேங்கறாக்கா" என்றாள்.

பட்டாணி அவளுடைய மகள். நாலு வயது. பிறந்தபோது அவ்வளவு உருண்டையாக இருந்ததால் வந்த பெயர்.

"எந்தப் பிள்ளை சாப்பிடுது? என் பையன் ஆறு வயசு வரைக்கும் பிஸ்கட்லயே வளந்தான். இப்ப பாரு, வாசப்படியில நுழைய மாட்டேங்கறான்."

"ரெண்டு வாய் வாங்கிட்டு வயிறு வலிக்குதுங்கறா. கையை வெச்சுக் காட்டறா. இங்க." தன் வலது அடிவயிற்றில் விரலை வைத்தாள்.

தையல் அக்கா வாயிலிருந்ததை மெல்லாமல் வைத்திருந்தாள். அந்த இடம் எது என்று அந்த அறையில் எல்லோருக்கும் தெரியும்.

"எவ்வளவு நாளா?"

"ரொம்ப நாளா இருக்கும்போல. மொதல்ல நான் கண்டுக்கல."

"டாக்டர்கிட்ட காட்டினியா?"

"காட்டணும்."

"அப்புறம் ஏன் காட்டல?"

காட்டாதவரைக்கும் அது இல்லை. இதை எப்படி வாய்விட்டுச் சொல்வது? அவள் பேச்சை மாற்றினாள். "ஏக்கா, இது சொத்து மாதிரி பிள்ளைக்கு வந்துடுமா?"

"எங்கம்மா எனக்கு வெச்சுட்டுப் போன சொத்து இந்த மூக்கு ஒண்ணுதான். அதைத் தவிர ஒரு குண்டூசி வரல. எல்லாம் வந்துடாது. நீயா மனசுக்குள்ள போட்டு உருட்டாதே. போய்க் காட்டு."

சாயங்காலம் வேலை முடிந்து அவள் வீட்டுக்குப் போனபோது பட்டாணி தரையில் உட்கார்ந்து படம் வரைந்துகொண்டிருந்தாள். பிள்ளையைப் பள்ளியிலிருந்து கூட்டிவருவது அவள் கணவனின் வேலை. லிஃப்ட் மெக்கானிக்கான அவனுக்கு அவளுக்கு முன்பே வேலை முடிந்துவிடும். அவர்களுடையது மாடியில் இரண்டு அறைகள் கொண்ட வீடு. அவள் அடிக்கடி ஓடவேண்டியிருப்பதை முன்னிட்டுக் கட்டிலைக் கழிவறைக் கதவுக்குப் பக்கத்தில் போட்டிருந்தார்கள். வருகிறவர்களுக்கு இது விநோதமாக இருக்கும். வருகிறவர்கள் குறைந்துபோய் நாளாகிவிட்டது.

சோறு வடித்து, கேரட்டையும் கோழியின் நெஞ்சுக் கறியையும் உப்பு மட்டும் போட்டு வேகவைத்து மூன்று தட்டில் வைத்தாள். மூவரும் உட்கார்ந்தார்கள். கணவன் தன் தட்டில் உள்ளதைக் கலந்து, தலை நிமிராமல், பரீட்சை எழுதுகிறவனைப்போலச் சாப்பிட்டு முடித்தான். பட்டாணி ஒரு வாய் வாங்கினாள். இரண்டாவது வாயைக் கன்னத்தில் ஒதுக்கிக்கொண்டாள்.

"முழுங்கு."

"போதும்மா."

"ரெண்டே வாய்தானே ஆச்சு?"

"வயிறு வலிக்குது."

சின்னக் கை வலது அடிவயிற்றில் போய் உட்கார்ந்தது. தேடித் தடவாமல் நேராக அங்கே. பெரிய மனுஷியைப்போல லேசாகக் கண்ணை மூடி மூச்சை இழுத்துவிட்டாள். அம்மாவுக்குக் கண்ணாடியில் தன்னைப் பார்த்ததுபோல இருந்தது.

பிள்ளை தூங்கியதும் டார்ச் அடித்து உதட்டை மெதுவாக விலக்கி உள்ளே பார்த்தாள். அவளுக்கு வயிற்றில் நோய் கிளம்புமுன் வாயில்தான் புண்கள் வரும். பிள்ளையின் ஈறு இளஞ்சிவப்பாகச் சுத்தமாக இருந்தது. அதில் நிம்மதி வரவில்லை. நாளை வரலாம் என்றுதான் தோன்றியது.

பட்டாணி பிறந்த மூன்றாம் மாதம் அவளுக்கு ஆரம்பித்தது. பிள்ளை பெற்ற உடம்பு அப்படித்தான் என்றார்கள். ஒரு டாக்டர் சூடு என்றார். இன்னொருவர் கிருமி என்றார். மூன்றாமவர் வீட்டில் ஏதாவது கவலையா என்று கேட்டார். கவலை இருக்கத்தானே செய்யும் என்று அவளும் நம்பினாள். பால் குடிக்கும் பிள்ளையை மடியில் போட்டுக்கொண்டே கழிவறையில் உட்கார்ந்த நாட்கள் உண்டு. இரத்தம் போக ஆரம்பித்து, எடை பாதியாகி, கடைசியில் ஒரு பெரிய ஆஸ்பத்திரியில் குழாய் விட்டுப் பார்த்தார்கள். டாக்டர் ஒரு தாளில் குடலை வரைந்து ஒரு இடத்தைச் சுழித்துக் காட்டினார். "இங்க புண்ணு. ஆறும், மறுபடி வரும். முழுசாப் போகாது. ஆனா இதோட வாழலாம். குரோன் நோய்னு பேரு."

"ஆள் பேர் மாதிரி இருக்கே."

"ஆள் பேர்தான்."

"அவருக்கும் இருந்துச்சா டாக்டர்?"

"இல்லம்மா. அவர் இதைப் பத்தி எழுதிவெச்சவர்."

"எழுதிவெச்சுட்டு என் தலையில கட்டிட்டாரா?"

டாக்டர் சிரித்தார். அவள் கணவன் சிரிக்கவில்லை. மருந்துக்காகப் பாலை நிறுத்தினார்கள். மாத்திரையில் அவள் முகம் பூரித்து உருண்டது. பார்த்தவர்கள் தேறிவிட்டாள் என்று சந்தோஷப்பட்டார்கள்.

நோய் அடங்கியிருந்த ஒரு காலத்தில் ஒருநாள் கணவன் வறுத்த கோழி வாங்கிவந்து பொட்டலத்தை மேஜைமேல் வைத்துவிட்டுக் கைகழுவப் போனான். அவளுக்குக் குடல் ஓரிடத்தில் சுருங்கியிருந்ததால் எது தின்னலாம், எது கூடாது என்று சொல்லியிருந்தார்கள். அவளுக்கும் மனப்பாடம். இருந்தும் பொட்டலத்தைப் பிரித்து, சுவரைப் பார்த்தபடி நின்றுகொண்டே, எலும்போடு கடித்துத் தின்றாள். மறுநாள் அடைத்துக்கொண்டது. அந்தமுறை ஆஸ்பத்திரியில் நெடுநாள் கிடந்தாள். கட்டிலுக்குப் பக்கத்தில் உட்கார்ந்துதான் கணவன் அதைச் சொன்னான். "இனிமே நம்ம வீட்ல எல்லாருக்கும் ஒரே சாப்பாடு. நீ எதைத் திங்கறியோ அதையே நாங்களும் திங்கறோம்." வீட்டுக்கு வந்து பார்த்தால் மிளகாய்த்தூள் டப்பா காலி, எண்ணெய்ச் சட்டியைக் காணோம். அதிகம் பேசாத மனிதன் செய்த காரியம் அது. அதை அவள் அச்சகத்தில் எத்தனை தடவை சொல்லியிருப்பாள் என்று அவளுக்கே தெரியாது.

தையல் அக்காவிடம் பேசிய பிறகு அவள் கணவனிடம் விஷயத்தை எடுத்தாள். அவன் கழுவிய பாத்திரங்களைத் துடைத்துக்கொண்டிருந்தான்.

"பட்டாணியை டாக்டர்கிட்ட காட்டணும்."

"எதுக்கு?"

"சாப்பிட மாட்டேங்கறா. வயிறு வலிக்குதுங்கறா. எனக்கு ஆரம்பிச்ச மாதிரியே இருக்கு."

"சேச்சே. அதெல்லாம் ஒண்ணும் இருக்காது."

"உங்களுக்கு எப்படித் தெரியும்?"

"ஓடுது, ஆடுது. நல்லாத்தானே இருக்கு?"

"நானும்தான் ஓடிக்கிட்டும் ஆடிக்கிட்டும் இருந்தேன்."

"ரெண்டு நாள் பார்ப்போம். நான் வேணா ஊட்டறேன். நீ ஊட்டினா அடம்பிடிக்குது."

"எனக்கும் இதைத்தான் சொன்னீங்க. ரெண்டு நாள் பார்ப்போம், ரெண்டு நாள் பார்ப்போம்னு. ரத்தம் போற வரைக்கும் பார்த்தோம்."

"சின்னப் பிள்ளைம்மா. ஊசி குத்துவாங்க, குழாய் விடுவாங்க. ஒண்ணும் இல்லாததுக்கு எதுக்கு அதைப் போட்டு..."

"ஒண்ணும் இல்லன்னு டாக்டர் சொல்லட்டும்."

அவன் துடைத்த தட்டையே மறுபடி துடைத்தான். முகம் வெளுத்திருந்தது. பயப்படுகிறான் என்று அவள் எடுத்துக்கொண்டாள். பாவம், ஒரு நோயாளியைச் சுமப்பதே பெரிது, இன்னொன்றையும் எப்படித் தாங்குவான் என்று அவனுக்காக இரக்கப்பட்டாள். பின்னாளில் அவளால் எல்லாவற்றையும் மன்னிக்க முடிந்தது, அன்று தான் பட்ட அந்த இரக்கத்தைத் தவிர.

குழந்தை டாக்டரிடம் நாள் வாங்கியபோதே மலம் எடுத்துவரச் சொல்லிவிட்டார்கள். காலையில் பிளாஸ்டிக் டப்பாவும் கையுமாகப் பட்டாணிக்கு எதிரே மண்டியிட்டு உட்கார்ந்தாள்.

"என் கக்காவை எதுக்கும்மா டப்பாவுல போடறே?"

"டாக்டருக்கு."

"அவங்க கேட்டாங்களா?"

"கேட்டாங்க."

"ஏன், அவங்களுக்கு வரலையா?"

அவள் சிரிக்காமல் மூடியை இறுக்கினாள். கைப்பையில் அந்த டப்பாவும், தனக்கு எப்போதும் வைத்திருக்கும் மாற்று உள்ளாடையும் காகிதச் சுருளும் பக்கத்துப் பக்கத்தில் இருந்தன. அம்மாவும் பெண்ணும் என்று நினைத்துக்கொண்டாள்.

குழந்தை டாக்டர் நடுவயதுப் பெண்மணி. நர்ஸ் பட்டாணியை எடை பார்த்து ஒரு எண்ணைச் சொன்னாள். டாக்டர் கணினியில் பழைய எடையைத் தேடிப் பார்த்துவிட்டு, "மறுபடி ஏத்திப் பாருங்க" என்றார். மறுபடியும் அதே எண்.

"சரியாவே சாப்பிடறதில்லன்னு சொன்னீங்களே?"

"ஆமாம் டாக்டர். சாயங்காலம் ரெண்டு வாய். அதுக்கு மேல போகாது. ஸ்கூல்ல குடுக்கறதைக்கூடச் சில நாள் பாதி வெச்சுடறாளாம்."

"அப்ப எடை எப்படி ஏறும்? வயசுக்கு வேண்டியதைவிடக் கொஞ்சம் கூடவே இருக்கா."

"வீக்கமா இருக்குமோ டாக்டர்? எனக்கு இப்படித்தான் முகமெல்லாம் உப்பிச்சு, எல்லாரும் தேறிட்டேன்னு..."

டாக்டர் பட்டாணியின் கன்னத்தை இரண்டு விரலால் பிடித்துப் பார்த்தார். "இது வீக்கம் இல்லம்மா. இது சாப்பாடு."

படுக்கவைத்து வயிற்றை அமுக்கிப் பார்த்தார். பட்டாணி கூச்சத்தில் நெளிந்து சிரித்தாள். டாக்டர் அமுக்கிக்கொண்டே சாதாரணமாகக் கேட்டார். "நேத்து சாயங்காலம் என்ன சாப்பிட்டே கண்ணு?"

பட்டாணியின் சிரிப்பு நின்றது. படுத்தபடியே தலையைத் திருப்பி அப்பாவைப் பார்த்தாள். அவன் சுவரில் ஒட்டியிருந்த தடுப்பூசிப் படத்தைப் படித்துக்கொண்டிருந்தான்.

"சொல்லலாமாப்பா?" என்று கேட்டாள்.

"சொல்லு" என்றான், படத்தைப் பார்த்தபடியே.

பட்டாணிக்குக் குஷி வந்துவிட்டது. எழுந்து உட்கார்ந்து விரலை மடக்கினாள். "வறுத்த கோழி. காலு. அப்புறம் உருளைக்கிழங்கு வறுவல். அப்புறம் அந்தச் செவப்பு சாஸ். அப்புறம் கூல்டிரிங்ஸ், ஆனா அது அப்பாவோடது, எனக்கு ஒரு வாய்தான்."

"தினமும் சாப்பிடுவியா?"

"ஞாயித்துக்கிழமை மட்டும் இல்ல. ஞாயித்துக்கிழமை அம்மா வீட்ல இருப்பா."

டாக்டர் அம்மாவின் பக்கம் பார்க்காமல் இருக்கத் தெரிந்தவராக இருந்தார். "சரி, வயிறு எங்க வலிக்கும்?" கை அதே இடத்துக்குப் போனது. "எப்பெல்லாம் வலிக்கும்?"

"அம்மா ஊட்ட வரும்போது."

"நெஜமாவே வலிக்குமா?"

பட்டாணி யோசித்தாள். "சில நாள் நெஜமா. சில நாள் சும்மா. அப்படிச் சொன்னா யாரும் சாப்பிடச் சொல்ல மாட்டாங்க. அம்மாவும் வலிக்குதுன்னு சொல்லுவா இல்ல?"

டப்பாவைப் பரிசோதனைக்கு அனுப்பத்தான் போகிறேன், முடிவு வந்ததும் கூப்பிடுகிறேன் என்றார் டாக்டர். "அம்மாவுக்கு இருந்தா பிள்ளைக்கு வர வாய்ப்பு கொஞ்சம் கூடுதல்தான், இல்லன்னு சொல்ல மாட்டேன். ஆனா பெரும்பாலான பிள்ளைங்களுக்கு வர்றதில்ல. இவளைப் பார்த்தா எனக்கு எந்த பயமும் தெரியல. தினமும் வறுத்ததைக் குடுக்காதீங்க, அவ்வளவுதான்." கடைசி வாக்கியத்தைக் கணவனிடம் சொன்னார்.

அவளுக்கு முறுக்கு எடுத்தது. எழுந்து நடந்தாள். ஆஸ்பத்திரிகளில் எந்தத் திருப்பத்தில் கழிவறை இருக்கும் என்று கேட்காமலே தெரியும் அளவுக்கு அவளுக்குப் பழக்கம்.

தாழ்ப்பாளைப் போட்டு உட்கார்ந்தபின் உடம்பு தன் வேலையைப் பார்த்துக்கொண்டது. மனம் தன் வேலையைப் பார்த்தது. பிள்ளைக்கு ஒன்றுமில்லை. அந்த நினைப்பு வெந்நீர்போல உடம்பெங்கும் இறங்கியது. இறங்கியபின் அடியில் வேறொன்று தட்டுப்பட்டது. கொஞ்ச நேரம் அது என்னவென்று அவளுக்கு அடையாளம் தெரியவில்லை. தெரிந்ததும் தன்னையே பார்க்கக் கூசியது. பட்டாணி அந்த இடத்தில் கைவைத்த ஒவ்வொரு முறையும் பயத்தோடு பயமாக, எங்கோ ஒரு மூலையில், எனக்கு ஒரு துணை இருக்கிறது என்று ஒன்று முணுமுணுத்திருக்கிறது. என்னைப்போல ஒருத்தி. இப்போது அது இல்லை. அவர்கள் இருவரும் ஒரு பக்கம், அவள் மறுபக்கம். எவ்வளவு காலமாகவோ அப்படித்தான் இருந்திருக்கிறது, அவளுக்குத்தான் தெரியவில்லை. தன் பிள்ளை நோயாளியாக இல்லாததில் ஒரு தாய்க்கு இழப்பு உண்டா? உண்டு என்றது அந்தச் சின்ன அறை. அவள் அதை மறுக்கவில்லை. முகத்தைக் கழுவிக்கொண்டு வெளியே வந்தாள்.

நடைவழி பெஞ்சில் கணவன் உட்கார்ந்திருந்தான். பட்டாணி அவன் மடியில் ஒண்டியிருந்தாள். அவள் நடுவில் ஓர் ஆள் இடம் விட்டு உட்கார்ந்தாள்.

"எப்பலேர்ந்து?"

"நீ அடைச்சுக்கிட்டு ஆஸ்பத்திரியில கெடந்தியே, அதுக்கப்புறம்."

"அப்ப ஒரு நாள்கூட நீங்க விடல."

"மொதல்ல விட்டேன். சத்தியமா விட்டேன். அப்புறம் ஒருநாள் லிஃப்ட் மேல நின்னு வேலை செய்யறப்ப கண்ணை இருட்டிடுச்சு. உப்புச்சப்பில்லாத சோத்தைத் தின்னுட்டு அந்த வேலை..."

"உப்புச்சப்பில்லாத சோறு."

"நான் அப்படிச் சொல்ல வரல."

"அப்படித்தான் சொன்னீங்க. சரியாத்தான் சொன்னீங்க. நான் தினமும் அதைத்தானே திங்கறேன், எனக்குத் தெரியாதா?" அவள் குரல் உயரவில்லை. "என் எதிர்லயே தின்னிருக்கலாமே? நான் என்ன, உங்க கையைப் பிடிச்சா இழுத்திருப்பேன்?"

அவன் பட்டாணியின் தலைக்கு மேலாகத் தரையைப் பார்த்துச் சொன்னான். "அன்னைக்கு நீ செவுத்தைப் பாத்துக்கிட்டு நின்னு தின்னே இல்ல. நான் கை கழுவிட்டு வந்துட்டேன். வாசப்படியிலேயே நின்னு பாத்துக்கிட்டுதான் இருந்தேன். பிடுங்கியிருக்கணும். மனசு வரல. அவ்வளவு ஆசையா நீ எதையும் தின்னு நான் பாத்ததில்ல. மறுநாள் ஆம்புலன்ஸ்ல... நான்தானே விட்டேன். மறுபடி உன்னை அப்படி நிக்க வைக்கக் கூடாதுன்னு நெனைச்சேன்."

அவள் அதைக் கேட்டாள். அவனைத் தேற்ற வேண்டும் என்று தோன்றவில்லை. அதற்கு இன்னும் நாளாகும். "அதுக்குப் பிள்ளையைப் பொய் சொல்லப் பழக்கினீங்களா?"

"பழக்கல. 'அம்மாகிட்ட சொல்லாதே, சொன்னா அம்மாவுக்கு ஆசை வந்துடும், அப்புறம் ஆஸ்பத்திரிக்குப் போயிடுவா'ன்னு சொன்னேன். அவ்வளவுதான்."

"அவ்வளவுதான்."

பட்டாணி அப்பாவின் சட்டையிலிருந்து முகத்தை எடுத்தாள். இரண்டு கன்னமும் ஈரமாக இருந்தன. நடைவழியின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை, சக்கரக் கட்டில்களையும் வெள்ளைக் கோட்டுகளையும் பார்த்தாள். "நான் சொல்லிட்டேன்மா" என்றாள். "இப்ப உன்னை இங்கயே வெச்சுக்குவாங்களா?"

அவள் நடுவில் விட்டிருந்த இடத்துக்கு நகர்ந்து பிள்ளையைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள். கனத்தாள். இத்தனை நாள் இந்தக் கனம் கைக்கு ஏன் தெரியாமல் போனது என்று இருந்தது. "யாரும் வெச்சுக்க மாட்டாங்க. எழுந்திரு. போகலாம்."

"வீட்டுக்கா?"

"இல்ல. நீங்க திங்கற அந்தக் கடைக்கு."

கணவன் நிமிர்ந்தான். "இப்ப வேணாம். சொன்னாக் கேளு."

"நான் திங்க வரல. பாக்க வரேன்."

கடை பட்டாணியின் பள்ளிக்கு இரண்டு தெரு தள்ளி இருந்தது. கண்ணாடிக்குப் பின்னால் ஒரு மாஸ்டர் எண்ணெயில் கோழித்துண்டுகளைத் திருப்பிக்கொண்டிருந்தார். வாசலிலேயே அந்த வாசனை அவள் முகத்தில் மோதியது. வாயில் எச்சில் சுரந்தது. அதை விழுங்கிக்கொண்டு உள்ளே போனாள். பட்டாணி எந்த மேஜை என்று யாரையும் கேட்காமல் ஓரத்து மேஜையில் ஏறி உட்கார்ந்தாள்.

"வாங்க மேடம், வாங்க" என்று துடைக்கும் துணியோடு சர்வர் வந்தான். "இன்னைக்கு என்ன, காலையிலேயே? ஸ்கூலுக்கு மட்டமா?" பிறகுதான் அவளைப் பார்த்தான். "ஓ, அத்தையைக் கூட்டிட்டு வந்திருக்கியா?"

"அத்தை இல்ல" என்றாள் பட்டாணி. "அம்மா."

சர்வரின் கை மேஜைமேல் பாதி வட்டத்தில் நின்றது. அவளைப் பார்த்தான். அவள் கணவனைப் பார்த்தான். "அம்மாவா?" என்றான். "இல்ல, நாங்க... பாப்பாவுக்கு அம்மா..." மிச்சத்தை முழுங்கிவிட்டான்.

அவள் மெதுவாகக் கணவன் பக்கம் திரும்பினாள். "என்னைக் கொன்னுட்டீங்களா?"

"ஐயோ, நான் அப்படிச் சொல்லவே இல்ல!"

"சார் சொல்லலம்மா" என்று சர்வர் பதறினான். "நாங்களா நெனைச்சுக்கிட்டோம். ஒருநாள் நான்தான் பாப்பாகிட்ட 'உங்கம்மா வரலையா'ன்னு கேட்டேன். 'அம்மாவால இனிமே இதெல்லாம் சாப்பிட முடியாது'ன்னு சொல்லிச்சு. சார் அப்படியே தலையைக் குனிஞ்சுக்கிட்டார். அதுக்கு மேல எப்படிம்மா கேக்கறது? மாஸ்டர்கூட அன்னைக்கு அழுதுட்டார்."

கண்ணாடிக்குப் பின்னாலிருந்து மாஸ்டர் கரண்டியைப் பிடித்தபடி எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார், ஆவியைப் பார்ப்பதுபோல. அவளுக்கு அடிவயிற்றிலிருந்து ஏதோ கிளம்பியது. முறுக்கு என்று நினைத்துப் பயந்தாள். அது சிரிப்பு. மேஜையைப் பிடித்துக்கொண்டு, கண்ணில் நீர் வரும்வரை, ஓசையில்லாமல் குலுங்கிச் சிரித்தாள். கணவன் சிரிப்பதா அழுவதா என்று தெரியாமல் அவளையே பார்த்துக்கொண்டிருந்தான்.

பட்டாணிக்கு வேறு கவலை. சர்வரின் சட்டையைப் பிடித்து இழுத்தாள். "அப்ப இனிமே எனக்கு அந்த இன்னொரு காலு குடுக்க மாட்டீங்களா?"

"எந்தக் காலு?" என்று அவள் கேட்டாள்.

சர்வர் நெளிந்தான். "அது வந்து... தாயில்லாப் பிள்ளையாச்சேன்னு மாஸ்டர் தினமும் ஒண்ணு சேத்துப் போடுவார்மா. கணக்குல வராது."

"குடுங்க" என்றாள் அவள், கண்ணைத் துடைத்துக்கொண்டு. "இன்னைக்கு மட்டும் குடுங்க. நாளையிலேர்ந்து தாயிருக்கற பிள்ளைக்கு என்ன உண்டோ அது போதும். இனிமே வாரத்துல ஒரு நாள்தான். ஞாயித்துக்கிழமை. நானும் வருவேன்." கணவன் தலையசைத்தான். "எனக்கு வெறும் சோறு வேணும். கொஞ்சம் குழைவா இருந்தா நல்லது. பாத்ரூம் எந்தப் பக்கம்?"

சர்வர் கைகாட்டினான். அவள் இடத்தை மட்டும் பார்த்து வைத்துக்கொண்டாள்.

தட்டுகள் வந்தன. வெறும் சோற்றின்மேல் யாரோ ஒரு துண்டு எலுமிச்சை வைத்திருந்தார்கள். அதை எடுத்து ஓரத்தில் வைத்தாள். பட்டாணி கோழிக்காலை இரண்டு கையாலும் தூக்கி வாய்வரை கொண்டுபோய் நிறுத்தினாள். அம்மாவைப் பார்த்தாள்.

"நீ அந்தப் பக்கம் திரும்பிக்கோ."

"மாட்டேன்."

"பாத்துக்கிட்டே இருப்பியா?"

"பாத்துக்கிட்டேதான் இருப்பேன்."

"உனக்கு ஆசை வருமே."

"வரும்."

"வந்தா?"

"வந்தா வந்துட்டுப் போகுது. நீ கடி."

பட்டாணி கடித்தாள்.